வராத ரயில் நிலையத்தை நம்பி வீடு எடுக்காதீர்கள்

வேலைக்காகச் சென்னைக்கு வருகிறவர்கள், அதிலும் குடும்பத்தோடு வருகிறவர்கள், வீட்டுக்கு டோக்கன் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு முப்பத்திரண்டாயிரம் ரூபாய் போனது. அதுகூடப் பரவாயில்லை. பதினொரு மாதம் என் மகள் விழித்திருக்கும் நேரத்தில் நான் வீட்டில் இல்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

2024 மே மாதம் கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை உறுதியானது. ஜூன் 3ஆம் தேதி சேர வேண்டும். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். தஞ்சாவூரிலிருந்து நான், அம்மா, நான்காம் வகுப்புப் போகவிருந்த மகள் என்று மூன்று பேர் கிளம்ப வேண்டும். வீடு பார்க்க எனக்குக் கிடைத்தவை இரண்டே ஞாயிற்றுக்கிழமைகள்.

முதல் ஞாயிறு சைதாப்பேட்டையில் மாமா ஒரு வீட்டைக் காட்டினார். பழைய கட்டடம், இரண்டாவது மாடி, ஒரே படுக்கையறை. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. வாடகை பதினேழாயிரம். தஞ்சாவூரில் வாசல், திண்ணை, கொல்லைப்புறம் என்று இருந்துவிட்டு இதற்குப் பதினேழாயிரமா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தம் கிண்டி. அதை யோசித்துக்கொள்." நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, தாம்பரத்துக்கும் அப்பால் இருக்கும் ஊரப்பாக்கம் பக்கம். இணையத்தில் விளம்பரம் பார்த்துத் தரகரை அழைத்தேன். "இரண்டு படுக்கையறை, பால்கனி, லிஃப்ட், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுதான் மேடம். ஸ்டேஷன் ஐந்து நிமிட நடை" என்றார். வண்டலூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அங்கே தரகர் காரோடு காத்திருந்தார். வெயிலில் நடக்க வேண்டாம் என்று அவரே அழைத்துப் போனார். அன்று அதை மரியாதை என்று எண்ணினேன். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரை நான் ஒரு தடவைகூட நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கார் என்பது பிறகுதான் புரிந்தது.

வழியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் காட்டினார். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த முனையம் அது. தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அதையொட்டிப் புதிய ரயில் நிலையத்தின் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. "இதுதான் மேடம் ஸ்டேஷன். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதத்துக்குள் ரயில் நிற்கும். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவும் இங்கேதான் வரப்போகிறது" என்றார். தொலைபேசியில் "ஐந்து நிமிட நடை" என்று அவர் சொன்னது இன்னும் கட்டி முடியாத இந்த நிலையத்தைத்தான். அதுவரை எங்கே ஏறுவது என்று கேட்டேன். "ஊரப்பாக்கம் ஸ்டேஷன் இதோ பக்கத்தில்தான்" என்று கையை நீட்டினார். அவர் கை காட்டிய திசையில் இரண்டே முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தது அது. நான் அங்கிருந்த பதினொரு மாதத்தில் கிளாம்பாக்கத்தில் ஒரு ரயிலும் நிற்கவில்லை. மெட்ரோ அன்றும் திட்ட அறிக்கையாகத்தான் இருந்தது.

வீடு நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். காற்று, வெளிச்சம், பால்கனியில் நின்றால் மரங்கள். அம்மாவுக்குப் பிடித்துவிடும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் தரகருக்கு ஒரு அழைப்பு வந்தது. "மாலை ஐந்து மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறார்கள், அவர்கள் முழு அட்வான்ஸும் கொண்டுவருகிறார்கள்" என்றார். ஐயாயிரம் டோக்கன் அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரரிடம் பேசவில்லை, பக்கத்து வீட்டில் விசாரிக்கவில்லை, குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு லட்சம் அட்வான்ஸ், தரகருக்கு ஒரு மாத வாடகை என்று பேச்சு முடிந்தது.

ஒப்பந்தத்தை முன்னதாக அனுப்புங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். "எல்லாம் வழக்கமான ஒப்பந்தம்தான் மேடம்" என்றே பதில் வந்தது. ஜூன் 1ஆம் தேதி, சாமான் லாரி வாசலில் நிற்க, ஆட்கள் பீரோவை இறக்கிக்கொண்டிருக்க, முத்திரைத்தாளைக் கையில் கொடுத்தார்கள். அட்வான்ஸில் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கொடுத்த பிறகு கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அதில்தான் எல்லாம் இருந்தது. பராமரிப்புக் கட்டணம் மாதம் இரண்டாயிரம் தனி. மின்சாரத்துக்கு, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் சப் மீட்டர், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய். லாரித் தண்ணீர் வாங்கினால் பங்கு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை. எழுத்துமூலமாக இரண்டு மாத முன்னறிவிப்பு. லாரிக்காரர் நேரமாகிறது என்று சத்தம் போட, நான் கையெழுத்துப் போட்டேன்.

மின்சாரக் கணக்கை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. நான் அங்கிருந்த 2024-25இல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. எங்களுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 250 யூனிட் ஆகும். சப் மீட்டரில் அந்த இலவசம் இல்லாமல் அதற்கு நான் கட்டியது 2,250 ரூபாய். இப்போது இருக்கும் வீட்டில் எங்கள் பெயருக்கென்று தனி மீட்டர். அதே புழக்கத்துக்கு பில் ஐந்நூறைத் தாண்டவில்லை.

அந்த வீட்டின் உண்மையான மாதச் செலவையும் எழுதிவிடுகிறேன். வாடகை 12,500, பராமரிப்பு 2,000, தண்ணீர் லாரிப் பங்கு சராசரியாக 900, மின்சாரம் 1,125. ஷேர் ஆட்டோ போக வர 960. ஷேர் ஆட்டோ கிடைக்காத இரவுகளுக்குத் தனி ஆட்டோ ஏறக்குறைய 1,200. கூட்டிப் பார்த்தால் 18,685. குடிக்கும் கேன் தண்ணீரை இதில் சேர்க்கவில்லை. எந்தப் பதினேழாயிரம் அதிகம் என்று சைதாப்பேட்டையை விட்டேனோ, அதைவிட அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீசன் டிக்கெட் மலிவு என்று ரயில் செலவை மட்டும் கணக்குப் போட்டுப் புறநகரை முடிவு செய்கிறவர்கள், வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரையான செலவை மறந்துவிடுகிறோம்.

தண்ணீர் உப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் குழாயில் வந்தது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நாங்கள் குடியேறியபோதே குளியலறை ஓடுகளில் வெள்ளை வெள்ளையாகக் கறை படிந்திருந்தது. அதைப் புகைப்படம் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையின் மின்சார ரயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வரும் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகும் ரயில் குறைவு. ஆகவே தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் வீடு எடுப்பது வேறு, அந்தப் பக்கம் எடுப்பது வேறு. வரைபடத்தில் சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். மாலையில் கிண்டியில் கிடைத்த ரயிலில் தொற்றிக்கொண்டு தாம்பரம் வந்து, அடுத்த செங்கல்பட்டு ரயிலுக்காக நடைமேடையில் நிற்க வேண்டும். ஆறரைக்கு அலுவலகத்தை விட்டால் வீட்டு வாசலை மிதிக்க எட்டே முக்கால். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் பத்து மணி. காலையில் ஏழேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். சேர்ந்த இரண்டாம் மாதமே தாம்பரம் யார்டு வேலைக்காக மின்சார ரயில்களைப் பெருமளவு ரத்து செய்தார்கள். ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட்டிலும் பட்ட பாட்டை எழுத மனமில்லை. பேருந்தில் வரலாமே என்றால், பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் ஊருக்குப் போகும் கூட்டம் முழுவதும் பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகத்தான் நகர வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை அசையாது.

அக்டோபரில் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். மதியமே அம்மா போன் செய்தார், சாதாரணக் காய்ச்சல்தான், நீ பதறாதே என்றார். ஏழு மணிக்கு மறுபடி அழைத்தபோது குரல் மாறியிருந்தது. நான் தாம்பரம் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. செயலியில் ஆட்டோ பதிவு செய்தேன், இரண்டு பேர் ஏற்றுக்கொண்டு ரத்து செய்தார்கள். அறுபத்தாறு வயது அம்மா, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சென்னையில் ஒரு தெருவும் சரியாகத் தெரியாமல், பிரதான சாலை வரை நனைந்துகொண்டே நடந்திருக்கிறார். முகம் தெரியாத ஒரு தம்பி பைக்கை நிறுத்தி இருவரையும் மருத்துவமனையில் கொண்டு விட்டிருக்கிறார். அவர் பெயரைக்கூட அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மகள் ஊசி போட்டுத் தூங்கிவிட்டாள். அம்மாவின் புடவை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஒன்றுமில்லை, நீ சாப்பிட்டாயா?" என்றார். அன்று இரவே வீட்டை மாற்றுவது என்று முடிவு செய்தேன். பள்ளி ஆண்டு நடுவில் பிள்ளையைப் பிடுங்க முடியாது என்பதால் ஏப்ரல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். "ஒரு சொட்டு நிற்காது" என்று சொன்ன தரகரை அழைத்தேன். எண் வேலை செய்தது, அவர் எடுக்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிர் வீட்டுக்காரர் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பைக்கில் போய் வந்துவிடுவார். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த இடம் சொர்க்கம். தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறுவது எங்களுக்கும் அங்கிருந்து சுலபமாகத்தான் இருந்தது. ஊரப்பாக்கம் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வேலை கிண்டியில் இருந்தது, வீடு தாம்பரத்துக்கு அப்பால் இருந்தது, நடுவில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தை இருப்பதாகச் சொல்லி என்னிடம் விற்றார்கள். நகரமா புறநகரா என்று யாராவது என்னிடம் கேட்டால், உங்கள் அலுவலகம் விடும் நேரத்தில், ஒரு வேலை நாளில், அலுவலக வாசலிலிருந்து அந்த வீட்டு வாசல் வரை தரகர் இல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பேன். வீட்டு வாடகையைப் பேசுவது அதற்குப் பிறகு.

பிப்ரவரி 20ஆம் தேதி வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன், ஏப்ரல் 30 காலி செய்கிறோம் என்று. "சரி" என்று பதிலும் வந்தது. சாவியைக் கொடுத்த அன்று கணக்கை நீட்டினார். வெள்ளையடிக்க 12,500. எழுத்துமூலமாக முன்னறிவிப்பு தரவில்லை என்று 12,500. வாட்ஸ்அப் எழுத்து ஆகாதாம். குளியலறையில் உப்புக் கறை எடுக்கவும் குழாய் மாற்றவும் 7,000. அவர் வீட்டுத் தண்ணீர் படிந்த கறைக்கு, நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த கறைக்கு, எங்களிடம் பணம். மீதி 68,000 இரண்டு தவணையாக ஜூன் நடுவில்தான் வந்து சேர்ந்தது.

வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒப்பந்தத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா?" எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நான் எட்டு மாத வாடகையைக் கொடுத்து, பதிவு செய்யாத தாளில் கையெழுத்தும் போட்டிருந்தேன். வழக்குக்கு அலைந்தால் செலவு தொகையைத் தாண்டிவிடும் என்று அவரே சொன்னார். பதிவு எண் தர மாட்டேன் என்கிற வீட்டுக்காரரிடம் தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது சைதாப்பேட்டையில் இருக்கிறோம், மாமா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அதே மாதிரி சிறிய வீடு, அதே பதினேழாயிரம். ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன். மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலி செய்த பிறகு ஒரு நாள், பழைய முகவரிக்கு வந்த ஒரு கடிதத்தை வாங்க ஊரப்பாக்கம் போனேன். புதிதாக ஒரு இளம் தம்பதி குடியேறியிருந்தார்கள். மே முதல் வாரமே வந்துவிட்டார்களாம். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "ஸ்டேஷன் எப்போது அக்கா திறக்கும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவர்களிடமும் சீக்கிரம் திறந்துவிடும் என்றுதான் தரகர் சொல்லியிருக்கிறார். குளியலறை ஓடுகளை இன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவையுங்கள் என்று சொன்னேன், என் கண் முன்னாலேயே அனுப்பினார்கள். கிளம்பும்போது படுக்கையறைக் கதவோரச் சுவரைப் பார்த்தேன். மகளின் உயரத்தை நாங்கள் பென்சிலால் குறித்த மூன்று கோடுகளும், ஜூன், அக்டோபர், பிப்ரவரி என்ற அம்மாவின் கையெழுத்தும் அப்படியே இருந்தன. வெள்ளையடிக்கவே இல்லை. படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் வரவில்லை.