15 மீட்டர் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கூடத்தில் புரொஜெக்டர் மாட்டப்போகும் நண்பர் ஒருவர், படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ கேபிளில் ஒளியிழை வகையின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்டார். படம் ஓட்டும் பிளேயரோடு இணைந்த ஆம்ப்ளிஃபையரிலிருந்து கூரையில் தொங்கும் புரொஜெக்டர் வரை 15 மீட்டருக்கு அதையே நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவதால், அவருக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கேபிள் செய்யும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில், நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 18 ஜிகாபிட் வேண்டும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 தரநிலையின் உச்சவரம்பே அவ்வளவுதான். இந்த வேகத்தில் இத்தனை நீளத்துக்குச் சாதாரணச் செப்புக் கேபிள் தாங்காது. இருண்ட காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், இல்லையென்றால் படமே வராது. ஒளியிழையில் படமும் ஒலியும் ஒளியாகவே பயணம் செய்வதால், என் வீட்டில் மின்கம்பிகளை ஒட்டியே சென்றும் ஒரு புள்ளிகூடத் தெரிந்ததில்லை. இது ஒருவழிக் கேபிள் என்பதால், ‘சோர்ஸ்’, ‘டிஸ்ப்ளே’ என்று முனைகளில் அச்சிட்டிருப்பதைக் குழாய்க்குள் இழுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பொறுமையைச் சோதிப்பது அதன் முனைதான். 19 தொடுமுனைகள் கொண்ட இந்த இணைப்பியில் பூட்டு என்று எதுவும் கிடையாது. உராய்வின் பிடி ஒன்றுதான் அதைத் துளையில் நிறுத்துகிறது. ஒளியை மின்சைகையாக மாற்றும் சில்லு ஒளியிழைக் கேபிளின் தலைக்குள்ளேயே இருப்பதால் அது நீண்டும் கனத்தும் இருக்கிறது. புரொஜெக்டரின் பின்புறத்தில் தொங்கித் தொங்கி, மெல்ல மெல்ல நழுவுகிறது. திரை இணைந்திருப்பதைப் பிளேயருக்குத் தெரிவிப்பது 19ஆவது தொடுமுனை. அது கணநேரம் விலகினாலும், திரையைக் கழற்றிவிட்டதாகக் கொண்டு பிளேயர் நகலெடுப்பைத் தடுப்பதற்கான சரிபார்ப்பை முதலிலிருந்து தொடங்குகிறது. படத்தின் உச்சக் காட்சியில் திரை கருத்துப்போக, ஏணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. கேபிளைப் புரொஜெக்டரின் தாங்கியோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிய பிறகு தொல்லை குறைந்ததே தவிர ஓயவில்லை.

தயாரித்த நிறுவனத்தை இதற்குக் குறை சொல்வது நியாயமில்லை, அவர்கள் தரநிலையைப் பின்பற்றியிருக்கிறார்கள். ஆனால் கணினித் திரைகளின் பழைய விஜிஏ முனைக்கே இரண்டு திருகுகள் இருந்தன. இன்றைய கணினித் திரைகளில் உள்ள டிஸ்ப்ளேபோர்ட் முனையில் கொக்கி உண்டு. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4, கார்களுக்கென்று பூட்டுடன் கூடிய தனி முனையையே வகுத்தது. அதிர்வில் முனை கழலும் என்பது தெரிந்திருந்தும் வீட்டுச் சாதனங்களை அப்படியே விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, படத்தின் தரத்தை இவ்வளவு புகழ்ந்த பிறகும், நண்பருக்கு நான் சொல்வது வாங்க வேண்டாம் என்பதுதான். புரொஜெக்டருக்கு அருகிலேயே சிறு தட்டு அமைத்துப் பிளேயரை அங்கே வைத்துவிட்டால், தலை கனக்காத 3 மீட்டர் செப்புக் கேபிளே போதும். பெட்டியில் ‘2.0’, ‘2.1’ என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், 18 ஜிகாபிட்டுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’, 48 ஜிகாபிட்டுக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்ற சான்று முத்திரையை அலைபேசியில் ஸ்கேன் செய்து பார்த்து வாங்குங்கள்.