கார்டேனியாவா, அடுக்கு நந்தியாவட்டையா?

வெள்ளைப் பூ, நல்ல வாசனை, ஆண்டு முழுக்கப் பச்சை இலை. இப்படி ஒரு புதர்ச்செடி வேண்டுமென்றால் போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான். பூக்காத காலத்தில் அடையாளம் குழம்பும். ஒரு இலையைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் நந்தியாவட்டை, வடியாவிட்டால் கார்டேனியா. அந்தப் பால் நச்சு, கண்ணில் படக் கூடாது, கையைக் கழுவிவிடுங்கள். பூத்திருந்தால் இன்னும் சுலபம்: கார்டேனியா பூ வாட வாட மஞ்சளாகும்.

வாசனையில் கார்டேனியாவை மிஞ்ச முடியாது. அடுக்கு நந்தியாவட்டை இருட்டிய பிறகுதான் நன்றாக மணக்கும். இருந்தும், இரண்டையும் வளர்த்த பிறகு நான் தொடர்ந்து வைத்திருப்பது நந்தியாவட்டையைத்தான். காரணம் தண்ணீர்.

கார்டேனியாவுக்கு அமில மண் வேண்டும், பிஎச் (அமில அளவு; எண் ஏற ஏற அமிலம் குறையும்) 5 முதல் 6.5 வரை. உப்புத் தண்ணீர், அதுவும் சுண்ணாம்பு கலந்த கடின நீர் ஊற்ற ஊற்ற மண்ணின் பிஎச் ஏறும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. முதலில் கொழுந்து இலைதான் காட்டிக்கொடுக்கும்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் எல்லாம் மஞ்சளாக வெளுக்கும். இரும்பு சீலேட் (வேர் எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்புச்சத்து) கொடுத்தால் தேறும், ஆனால் அதே தண்ணீரை ஊற்றினால் திரும்பவும் வெளுக்கும். மழைநீர் சேமித்து ஊற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்புறம் மொட்டு உதிர்வது. ஒருநாள் மண் காய்ந்து மறுநாள் சொதசொதவென்று இருந்தாலே பச்சை மொட்டாகக் கொட்டிவிடும். மலரும் தறுவாயில் அப்படிக் கொட்டினால் மனசு ஆறாது.

நந்தியாவட்டைக்கு இந்தப் பத்தியம் எதுவும் இல்லை. தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. குச்சி வெட்டி வைத்தாலே வேர் பிடிக்கும், கவாத்து செய்தால் பக்கக் கிளை விட்டு அடர்ந்துவிடும். மாவுப்பூச்சி இரண்டிலும் வரும், இலையின் அடிப்பக்கத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

நான் கார்டேனியாவைத் தொட்டியில் மட்டும்தான் வளர்த்தேன். இயற்கையிலேயே அமில மண் உள்ள தோட்டத்தில் தரையில் வைத்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். குளிரும் ஒரு விஷயம்: லேசான உறைபனியைக் கார்டேனியா ஓரளவு தாங்கும், நந்தியாவட்டை கருகிவிடும். அப்படிப்பட்ட இடமென்றால் கார்டேனியாவையே வாங்குங்கள், மழைநீருக்கு ஒரு தொட்டியும் சேர்த்து.