குழலைக் குறுக்குவதா, அச்சைக் குறுக்குவதா?

25 இறாத்தல் குண்டு எறியும் பிரிட்டிஷ் களப் பீரங்கியைக் காட்டுக்குள் கொண்டுபோக இரண்டாம் உலகப் போரில் இரண்டு வழி பார்த்தார்கள். அவுஸ்திரேலியர் குழலில் ஒரு மீற்றருக்கு மேல் குறைத்தார்கள். பர்மாவில் நின்ற பிரிட்டிஷ் படையினர் குழலைத் தொடாமல் ஜீப்பின் அச்சையும் சில்லையும் மாட்டினார்கள். என் வாக்கு பர்மா வழிக்குத்தான்.

திருகோணமலை ஒஸ்டன்பேர்க் மேட்டுக் கரையோரப் பீரங்கிகளுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. கொங்கிரீட்டில் இறுக்கியாயிற்று, கப்பல்தான் முன்னால் வரவேண்டியிருந்தது. களப் பீரங்கியோ ஒன்றரைத் தொன்னுக்கு மேல். மாரியில் தம்பலகாமத்து வயலுக்குள் உழவு இயந்திரப் பெட்டி புதைந்ததைப் பார்த்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

குட்டைக் குழல் பீரங்கி ஆட்களை மறைக்கும் கேடயம் இல்லாதது. கழற்றி விமானத்தில் ஏற்றலாம், ஜீப்பில் இழுக்கலாம். 1943 செப்டெம்பரில் நியூகினியின் நட்சாப்பில் பரசூட்டிலும் இறக்கினார்கள். ஆனால் குழல் குறுகினால் உந்துமருந்து உள்ளே முழுப் பலனைத் தராது. மிச்சம் தீயாகவும் வெடியதிர்வாகவும் ஆட்களின் முகத்துக்குப் பக்கத்தில் வெளியேறும். உடம்பு இலேசானதால் பின்னுதைப்பில் துள்ளவும் செய்யும். இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது தூர இழப்பு: 12 கிலோமீற்றரைத் தாண்டி எறிந்தது, 10, 11க்கு இறங்கிவிட்டது. எட்டும் தூரம் குறைந்தால் காலாட்படைக்குப் பின்னால் அடிக்கடி இடம் மாறவேண்டும். நகர்த்தக் கஷ்டம் என்றுதானே வெட்டினார்கள்!

ஜீப் அச்சில் அந்த நட்டம் இல்லை. இரு சில்லுக்கும் இடைவெளி குறைந்து ஒற்றையடிப் பாதைக்குக் கிட்ட வந்தது. கேடயத்தைக் கழற்றினார்கள், ஜீப்பே இழுத்தது, கொஞ்சத் தூரம் ஆட்களும் தள்ளினார்கள். தாழ்ந்த கோணத்தில் சுட்டால் பின்னுக்கு ஓடுமோ என்ற பயம் இருந்தது. சுட்டுப் பார்த்தபோது பெரிய சிக்கல் வரவில்லை. காட்டில் அந்தப் பயம் இன்னும் குறைவு. 40 பாகைக்கு உயர்த்தினாலும் 25 மீற்றர் பாலைமரம் ஏறக்குறைய 30 மீற்றர் தள்ளி நின்றால்தான் குண்டு மேலால் போகும். கிளையில் பட்டால், மோதினால் வெடிக்கவைக்கும் திரி குண்டை அங்கேயே வெடிக்கவைக்கும், நம்மாட்கள் தலைக்கு மேல். ஆகவே குழல் பெரும்பாலும் உயர்ந்தே நிற்கும். உதைப்பில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கும். ஈரநிலத்தில் சில்லுக்குக் கீழே மரக்குற்றி அடுக்காவிட்டால் அதுவே புதைக்கும், அது வேறு கதை.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். குட்டைக் குழல் 200க்கு மேல் செய்யப்பட்டது; ஜீப் அச்சு களத்தில் ஒட்டுப்போட்ட வேலை. நாடும் மண்ணும் வேறு. சமனான தராசு இல்லை. பாதையே இல்லாமல் வானத்தால்தான் போகவேண்டும் என்றால் குட்டைதான். கோவேறு கழுதை மட்டும் ஏறும் மலையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு 3.7 அங்குல மலைப் பீரங்கிக்குப் போகலாம்: கழற்றினால் எட்டுக் கழுதைச் சுமை, ஆனால் எட்டும் தூரம் ஐந்தரைக் கிலோமீற்றருக்குள்.