வயிற்றுக் கரண்ட் பெல்ட்: நாள்பட உபயோகித்தால் தெரிவது

எடை குறையும் என்று நம்பி இந்த பெல்ட்டை வாங்காதீர்கள். தசைக்குப் போகும் நரம்பை இது தூண்டும், தசை இறுகும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். பசியோடு தொடர்புடைய வேகஸ் நரம்பு உணவுக்குழாயை ஒட்டி உள்ளே ஓடுகிறது. பெல்ட்டில் இருந்து தோல்மேல் ஒட்டும் ஜெல் பேட் அதை எட்டாது.

வயிற்றருகே அந்த நரம்பைப் பிடிக்க அறுவை சிகிச்சை வேண்டும். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த விபிளாக் என்ற எடைக் குறைப்புக் கருவியில், லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்து வேகஸில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். ஒரு வருட ஆய்வில், கருவி இயங்கியவர்களுக்கு அதிகப்படி எடையில் (இருக்க வேண்டியதற்கு மேல் உள்ள எடை) சுமார் 24 சதவீதம் குறைந்தது. நரம்புக்குக் கரண்ட் விடாத போலிக் கருவி வைத்தவர்களுக்கும் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வயிற்றில் துளையிட்டு நரம்பைத் தொட்டும் வித்தியாசம் அவ்வளவுதான்!

தையல் மெஷினிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ நாள் முழுக்க உட்கார்ந்து வயிற்றுத் தசை தளர்ந்தவர்களுக்கு பெல்ட் ஓரளவு உதவும். அதற்கு ஒட்டும் முறை சரியாக இருக்க வேண்டும். பெரிய பேட் தொப்புள்மேல், சின்ன பேட் இரண்டும் விலாவுக்குக் கீழே இருபுறமும். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 துடிப்பு), முதல் வாரம் 10 நிமிடம், பிறகு 20. தசை இறுகுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், வலிக்கும்வரை ஏற்றக் கூடாது.

சுருக்கென்று குத்தினால் பேட் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் தூக்கிக்கொண்டால் மொத்தக் கரண்டும் சின்ன இடத்தில் இறங்கித் தோல் சிவக்கும். பலர் அப்போது பட்டனை இன்னும் ஏற்றுகிறார்கள். கொப்புளம் வருவது அங்கேதான். தேங்காய் எண்ணெய் பட்ட தோலில் ஜெல் ஒட்டாது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். பேட்டை நனைக்க போர்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். குடிக்கிற தண்ணீர் இரண்டு சொட்டுப் போதும்.

பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள், சிசேரியன் தையல் ஆறாதவர்கள் தொடவே கூடாது. சர்க்கரையால் தோல் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, அவர்களுக்கும் வேண்டாம்.

பெல்ட்டைக் கழற்றிய கையோடு இடுப்பை அளக்காதீர்கள். வாரம் ஒருநாள், காலை வெறும் வயிற்றில், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வையுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் பெல்ட்டை நம்பி உட்காராமல் டாக்டரைப் பாருங்கள். ராத்திரி அரிசிம்பருப்புச் சாதத்தின் அளவையும் பாருங்கள்.

சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் பேட்டை வைத்தால் ஜெல் இளகிவிடும். பிளாஸ்டிக் தாளை ஒட்டி வீட்டுக்குள் நிழலிலேயே வையுங்கள்.