கிருமியைக் கொல்ல எந்த எண்ணெய்: யூக்கலிப்டஸா, கறுவா இலையா, வெட்டிவேரா?

மலையகத்து வீடுகளில் யூக்கலிப்டஸ் தைலத்துக்கு இருக்கும் மரியாதை வேறெந்த எண்ணெய்க்கும் இல்லை. தடிமன் பிடித்தால் ஆவி பிடிக்கவும், நெஞ்சில் பூசவும், காயத்தைத் துடைக்கவும் அதே போத்தல்தான். முதல் இரண்டுக்கும் அது பொருத்தம். கிருமியைக் கொல்லும் என்று அதற்குக் கிடைத்த பெயர்தான் கொஞ்சம் அதிகம்.

மருந்துத் தரமான யூக்கலிப்டஸ் தைலத்தில் அதன் முக்கியப் பொருளான சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. சினியோல் சளியை இளக்கும். பாக்டீரியாவைக் கொல்வதில் நடுத்தரம்தான். கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல், கிராம்புக்குக் காரம் தரும் அதே பொருள். அது ஃபீனால் என்ற வேதிப்பொருள் வகை என்பதால் கிருமியின் கலச்சவ்வைச் சிதைத்து உள்ளிருப்பதை ஒழுகவிடும். குறைந்த அளவே போதும். கறுவாப் பட்டை எண்ணெய் வேறு: அதில் சின்னமால்டிஹைட் மேலோங்கும், தோலைச் சுட்டுவிடும்.

தேயிலை மலைகளில் மண் அரிப்பைத் தடுக்க நடும் வெட்டிவேர், உப்பு மண்ணையும் தாங்கும் புல். குசிமோல், வெட்டிவோன் போன்ற கனமான மூலக்கூறுகள் நிறைந்த அதன் எண்ணெயை வடிக்கப் பல மணிநேரம் ஆவி விட வேண்டும். ஸ்டஃபைலோகொக்கஸ் போன்ற பாக்டீரியாக்களை அது அடக்கும். கலச்சவ்வுக்கு மேலே இன்னொரு வெளிச்சவ்வும் கொண்ட ஈ.கோலை பாக்டீரியாவிடம் பலம் குறைவு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இந்த மூன்று எண்ணெய்களுக்குமே எளிதில் அடங்காது.

ஆய்வுகூடத் தட்டில் எண்ணெயைச் சுற்றிக் கிருமி வளராமல் தெரியும் வளையத்தை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிசுபிசுப்பான வெட்டிவேர் எண்ணெய் கிருமி வளர்க்கும் ஈரமான ஊடகத்தில் பரவாது. வளையம் சிறுத்துத்தான் தெரியும். கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவே நியாயமான அளவுகோல். எப்படியானாலும், எண்ணெய்க்காகச் சரிவிலிருந்து வெட்டிவேரைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. மழைக்கு மண்ணைப் பிடித்து நிற்பதே அதன் பெரிய வேலை.

லயத்துச் சுவரின் பூஞ்சணத்துக்கு என் தேர்வு, நன்கு ஐதாக்கிய கறுவா இலை எண்ணெய். மூக்கடைப்புக்குப் பெரியவர்களுக்கு மட்டும் யூக்கலிப்டஸ். சில மில்லிலீற்றர் விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். காயத்துக்கு மூன்றும் வேண்டாம்: சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் போதும், ஆழமானால் வைத்தியரிடம் போங்கள். வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் எண்ணெய் வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். அது ஏறக்குறைய முழுவதும் மெதில் சாலிசிலேற்று. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 7 கிராம் அஸ்பிரினுக்குச் சமம், ஒரு பிள்ளையின் உயிரைப் பறிக்க அது போதும்.