வீட்டில் வைரத்தூள் பூசிய சாணைச் சக்கரம்: 3000க்கு சரி, 220க்கு வேண்டாம்

கல்லைத் தீட்டி மெருகேற்றும் கும்பகோணத்து நண்பர் கேட்டிருக்கிறார்: “220 சக்கரம் வழுக்குது. புதுசு வாங்கணுமா, அரால்டைட்டில வைரத்தூள் கலந்து நாமளே பூசிக்கலாமா?” 220, 3000 என்பவை சக்கரத்திலுள்ள வைரத்தூளின் மணி எண்கள், எண் கூடக்கூட மணி நைசாகும். அரால்டைட் என்பது ரெசினும் அதை இறுக்கும் ஹார்ட்னரும் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசை. ஐப்பசி பிறக்கும் நேரத்தில் வந்த கேள்வி. அதனால் பதிலில் கொஞ்சம் காட்டம் இருக்கும்.

வழுக்கும் சக்கரமெல்லாம் தேய்ந்த சக்கரம் அல்ல. பஞ்சுபோல அமுங்கும் அடுக்கின்மேல் வைரத்தூள் கலந்த ரெசின் பூசிய சக்கரத்தில் கல்மாவு அடைத்து மேற்பரப்பு மழுங்கிப் பளபளத்துவிட்டால், உள்ளே வைரம் இருந்தும் வெட்டாது. சக்கரம் ஓடும்போது தண்ணீர் விட்டபடி, சரியாக வேகாத செங்கல் துண்டை லேசாக ஒற்றி எடுங்கள். நிறுத்திவிட்டு நகத்தால் வருடுங்கள். சொரசொரப்பு திரும்பியிருந்தால் பூச்சு வேலையே தேவையில்லை. நிக்கல் முலாம் போட்ட 80, 220 சக்கரங்களில் இது பலிக்காது. அவற்றில் வைரம் ஒரே அடுக்கு; உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

அந்த இடத்தில் அரால்டைட்டை வைத்து ஈடுகட்ட முடியாது. 220இன் வைர மணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60–70 மைக்ரான். நிக்கல் அதைப் பாதி உயரத்துக்குமேல் கவ்விப் பிடித்திருக்கும். எபாக்சிக்கு அந்தப் பிடி கிடையாது. அகேட் போன்ற கடினக் கல்லின் கூரான விளிம்பு ஒருமுறை மோதினால் மணி பெயர்ந்து தண்ணீரோடு போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வைரத்தின் அடர்த்தி 3.5, எபாக்சிக்கு 1.1 அளவில்தான். பெரிய மணி அடியில் இறங்கிவிடும், மேலே வெறும் ரெசின் தோல் நிற்கும். பூச்சின்மேல் தூவிப் பார்ப்பவர்கள் உண்டு. இறங்குவது குறையும், பெயர்வது குறையாது.

3000 வேறு கதை. மணி 4–8 மைக்ரான்தான். ரெசின் குழம்புக்குள் மிதந்தபடியே இறுகும். ரெசின் தேயத் தேயப் புது மணி வெளியே வரும். தஞ்சாவூர் பக்கத்து வல்லத்துப் பளிங்குக்கல்லை (ஸ்படிகம்) இதில் பிடித்தால், முந்தைய 1200 சக்கரம் விட்டுப்போன மங்கல் விலகி விளிம்பில் வெளிச்சம் ஓடுவது கண்ணெதிரே தெரியும். கடைச் சக்கரத்துக்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

6 அங்குல விட்டம், ஒன்றரை அங்குல அகலச் சக்கரத்தின் பரப்பு சுமார் 182 சதுர செ.மீ. 0.1 மி.மீ. தடிமனுக்கு 8 காரட், அதாவது 1.6 கிராம் தூள் போதும். நகைக்கடைத் தராசில் ரெசின் 1.1 கிராம், ஹார்ட்னர் 0.9 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள் (எடையில் 100க்கு 80). மெதுவாக இறுகும் சாதாரண அரால்டைட்தான் வேண்டும். ஐந்து நிமிட வகை சூட்டில் இளகிவிடும். பழைய பூச்சை 120 எமரியால் சாம்பல் நிறம் வரத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பிரஷ் வேண்டாம், முடி உதிரும். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் இழுங்கள். 0.1ஐத் தாண்டினால் பஞ்சுச் சக்கரம் அமுங்கும்போது பூச்சு வெடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டாரில் மாட்டி, இறுகும்வரை சுழலவிடுங்கள். மாதாந்திர மின்தடை நாளில் தொடங்காதீர்கள். நின்ற இடத்தில் ரெசின் கீழே திரண்டு மேடாகும், அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் கல்லைத் தட்டும். இரண்டு மூன்று சக்கரம் பூசுவதாக இருந்தால் மிக நைசானதில் தொடங்குங்கள். 3000இல் தப்பி விழுந்த ஒரே ஒரு 220 மணி போதும், சக்கரமே வீண். தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

இத்தனையும் சரியாகச் செய்தபிறகும் என்னை எரிச்சல்படுத்துவது டெல்டாவின் ஈரக்காற்று. ஹார்ட்னரிலுள்ள அமீன் என்ற ரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுபோல ஒரு பிசுபிசுப்பைப் படியவைக்கும். தின்னரால் துடைத்தால் அது பரவுமே தவிரப் போகாது. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் பச்சை நாரும்தான் அதை எடுக்கும். எடுத்தாலும் அடியில் பூச்சு முழுதாக இறுகியிருக்காது. தண்ணீரில் வேலை செய்யச் செய்ய ஊறி, ஓரத்தில் உரியும். அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு 45–50 டிகிரியில் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். அதற்குமேல் சூடேற்றினால் பஞ்சை ஒட்டிய பசை விட்டுவிடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகரப்பெட்டியே இந்த வேலையை இனாமாகச் செய்யும், ஆனால் அப்போது கலவை கையிலேயே சீக்கிரம் இறுகும், ஆகவே எல்லாம் தயாரானபிறகு கலக்குங்கள்.

நண்பருக்கு என் பதில்: 220க்குப் புது நிக்கல் சக்கரமே வாங்குங்கள். 3000ஐ இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். இந்த மழையில் அதையும் பூசாதீர்கள், அவசரமென்றால் அதையும் கடையிலேயே வாங்குங்கள். பொறுக்க முடியுமென்றால் மாசி கழியட்டும், தூளை வாங்கி மூடியிறுக்கி வையுங்கள்.