விலையேற்றக் காலத்தில் எங்கள் நியாயவிலைக் கடை

மேலப்பாளையத்தை ஒட்டிய எங்கள் பகுதியின் நியாயவிலைக் கடையை, வெளிச்சந்தை விலையை மறந்துவிட்டு மதிப்பிடுவது முறையாகாது. இங்கே அரிசி விலையின்றியும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால்தான், பீடி சுற்றும் கூலியை நம்பியிருக்கும் வீடுகளில் மாதக் கடைசியிலும் உலை கொதிக்கிறது.

2022இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடைப்பட்டு, இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தபோது, மளிகைக் கடைகளில் எண்ணெய் விலை ஏழைகளின் கைக்கு எட்டாமல் போயிற்று. போர் விலையை ஏற்றுவது போலவே விலையும் கலவரத்தை மூட்டும். 2008இல் ஹைட்டியில் அரிசி விலை உயர்வால் வெடித்த கிளர்ச்சியில் பிரதமரே பதவியிழந்தார். வருமானத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் குடும்பங்களுக்கு, மாதந்தோறும் உறுதியாக வரும் அரிசி எவ்வளவு பெரிய காப்பு என்பதை இதிலிருந்தே உணரலாம்.

எடை சரியாக இருக்கிறது; விற்பனையாளரும் வயதானவர்களை வெயிலில் நிறுத்துவதில்லை. ஆனால் அரிசியில் சில மாதங்களில் புழுங்கல் வாடை மிகுதியாக வீசுகிறது. பீடி சுற்றித் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவி ஏற்க மறுப்பதால், பெண்கள் ஒரு நாள் கூலியை இழந்து மறுபடியும் வர நேர்கிறது. இது எனக்குப் பெரும் வருத்தம். பருப்பும் எண்ணெயும் மாதத்தின் முதல் வாரத்திலேயே வந்து சேர வேண்டும். கைரேகை பதியாதவர்களுக்கு அன்றே பொருள் வழங்கப்பட வேண்டும்.